மாட்டுக்கு ஊசி, கோழிக்கு மருந்துத் தண்ணீர்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சுற்றியே இருக்கின்றன. எத்தனை மில்லி போடலாம் என்று கேட்டவர்கள் அதிகம். எந்த நோய்க்கு என்று சொன்னவர்கள் குறைவு. அதனால் சில பதில்களில் நோயிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

கேள்வி: மாட்டுக்கு ஊசி போட்டு மூன்று நாள் ஆகிறது. பாலைக் காய்ச்சி உறை ஊற்றினால் தயிர் தோயாமல் நீராக நிற்கிறது. இந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றலாமா? நன்றாகக் காய்ச்சினால் மருந்து போய்விடும் என்கிறார்களே?
— வாசகி, ஓமலூர்

ஊற்றாதீர்கள். தயிரைத் தோய வைப்பதும் பாக்டீரியாதான். பெனிசிலின் வகை மருந்து பாலில் மிகக் கொஞ்சம் கலந்திருந்தாலே அது பெருகாது.

சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு கிண்ணம் போதும். ஒன்றில் ஊசி போடாத மாட்டின் பால், இன்னொன்றில் இந்தப் பால். ஒரே உறைமோர், ஒரே சூடு, ஒரே இடம். அது தோய்ந்து இது தோயாவிட்டால் மருந்து இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே தோயாவிட்டால் உறைமோர் கெட்டிருக்கும், அல்லது பால் அதிகச் சூட்டில் இருந்தபோது ஊற்றியிருப்பீர்கள். ஆனால் தோய்ந்துவிட்டது என்பதற்காக மருந்தே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பெனிசிலினுக்குப் பாலில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். அதைவிடச் சற்றே அதிகம் இருந்தாலும் தயிர் தோய்ந்துவிடும், பால் பண்ணையின் பரிசோதனைப் பட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

காய்ச்சுவதால் கிருமிகள் சாகும். மருந்து அப்படிப் போகாது. சில மருந்துகள் கொஞ்சம் சிதையும், பல அப்படியே நிற்கும்.

எத்தனை நாள் காத்திருப்பது என்பது மருந்துப் பெட்டியின் லேபிளில் இருக்கும். லேபிளில் நாள் குறிப்பிடாத மருந்துக்கு இந்திய மருந்து விதிகளே ஒரு கணக்கு வைத்திருக்கின்றன: பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். எண்ணத் தொடங்க வேண்டியது கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து. முதல் ஊசியிலிருந்து எண்ணுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இன்னொன்று, ஒரு காம்பில் மட்டும்தான் ட்யூப் மருந்து ஏற்றினோம் என்று மற்ற மூன்று காம்பின் பாலை ஊற்றுகிறார்கள். மருந்து ரத்தத்தில் கலந்து அந்தக் காம்புகளுக்கும் வரும். நான்கு காம்பின் பாலையும் ஒதுக்க வேண்டும்.

கேள்வி: அந்தப் பாலை வீணாக்காமல் கன்றுக்குக் கொடுத்தால் என்ன?
— வாசகர், பெருந்துறை

பலரும் அதைத்தான் செய்கிறார்கள், அதில்தான் சிக்கலே. கன்றுக்குப் போவது நோயைக் குணமாக்கும் அளவு மருந்தல்ல. பலவீனமான பாக்டீரியாவை மட்டும் கொன்று, மருந்தைத் தாங்கும் பாக்டீரியாவுக்கு இடம் காலி செய்து தரும் அளவு. நாளைக்கு அதே கன்றுக்குக் கழிச்சல் வந்து டாக்டர் அதே மருந்தைப் போட்டால் கேட்காது. சாணத்தின் வழியாக அந்தப் பாக்டீரியா மற்ற கன்றுகளுக்கும் போகும்.

கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில் ஒரு குழி வெட்டி, ஊற்றி மண்ணைத் தள்ளுங்கள். சாண எரிவாயுக் கலனில் ஊற்றுவது நல்ல யோசனைபோலத் தோன்றும். ஆனால் வாயுவை உண்டாக்குவதும் பாக்டீரியாதான். மருந்துப் பால் நிறையப் போனால் வாயு குறையும்.

கேள்வி: ஐயா, என் கலப்பினப் பசுவுக்கு மடிநோய் திரும்பத் திரும்ப வருகிறது. ட்யூப் ஏற்றினால் இரண்டு நாளில் பால் தெளிந்துவிடும். இருபது நாள் கழித்து அதே காம்பில் மறுபடி திரி திரியாக வருகிறது. மருந்தைக் கூட்டிப் போடலாமா?
— வாசகர், செய்யாறு

மருந்தைக் கூட்டுவதற்கு முன் எந்தக் கிருமி என்று பாருங்கள். ஒரே காம்பில் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் குணம். அது மடிக்குள் சிறு சிறு சீழ்க்கட்டிகளை உண்டாக்கி அதற்குள் பதுங்கும், மாட்டின் செல்லுக்குள்ளேயே கூடப் புகுந்துகொள்ளும். மருந்து அங்கே சரியாக எட்டாது. பெனிசிலினை உடைக்கும் நொதியையும் அதில் பல வகைகள் சுரக்கின்றன. இரண்டு நாளில் பால் தெளிந்ததும் ட்யூபை நிறுத்தினால், மிச்சம் இருப்பது மருந்தை நன்றாகத் தாங்கியவை மட்டுமே. டாக்டர் எழுதிய நாட்கள் முடியும்வரை ஏற்ற வேண்டும்.

பரிசோதனைக்குப் பால் எடுக்கும் முறை முக்கியம். மருந்து போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். மடியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, 70 சதவீத ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் தேயுங்கள். பஞ்சு வெள்ளையாக வரும்வரை தேயுங்கள், ஒரு காம்பைத் தேய்த்த பஞ்சை இன்னொரு காம்புக்குத் தொடாதீர்கள். உங்களுக்கு எட்டத்தில் உள்ள காம்புகளை முதலில் துடையுங்கள். பால் எடுக்கும்போது பக்கத்தில் உள்ளவற்றை முதலில் எடுங்கள். அப்போதுதான் கை துடைத்த காம்பில் படாது. முதல் இரண்டு மூன்று பீச்சலைத் தரையில் விட்டுவிட்டு, கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து 5 முதல் 10 மில்லி எடுத்தால் போதும். பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். மாவட்டத்துக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் கிருமி வளர்த்து எந்த மருந்து கேட்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். மாடு காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நின்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம். பாலை எடுத்து வைத்துவிட்டு டாக்டர் சொல்லும் மருந்தைத் தொடங்கி, முடிவு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்று வந்தால் கவலை குறைவு. சாதாரணப் பெனிசிலினுக்கே நன்றாகக் கேட்கும். ஈ. கோலை லேசாக வந்தது என்றால், அடிக்கடி பாலைக் கறந்து வெளியேற்றினாலே பல நேரம் மாடு தானாகத் தேறிவிடும். இதற்கெல்லாம் ஒரே விலையுயர்ந்த ஊசியைப் போடுவது பணத்துக்கும் கேடு, மருந்துக்கும் கேடு.

ட்யூப் ஏற்றும்போதே புதுக் கிருமியை உள்ளே தள்ளுபவர்களும் உண்டு. நுனியை முழுக்க நுழைக்க வேண்டியதில்லை, 3 மில்லிமீட்டர் நுழைந்தால் போதும். ஆழமாகத் தள்ளினால் காம்புத் துவாரத்தின் தற்காப்புப் படலம் கிழியும். ஒரு ட்யூபைப் பாதி பாதியாக இரண்டு காம்புக்குப் போடவே கூடாது.

நோய் வெளியே தெரியுமுன் கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் சோப்புத்தூள் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனித் தட்டில் சம அளவு கரைசலோடு கலந்து மெல்லச் சுழற்றுங்கள். நல்ல பால் நீர்போல ஓடும். நோய் உள்ள பால் கொழகொழவென்று திரளும். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். கொழகொழத்தது என்ற ஒரே காரணத்துக்காக உடனே ஆன்டிபயாடிக் தேவையில்லை. அந்தக் காம்பைக் கடைசியாகக் கறந்து, கவனித்து வாருங்கள்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தேசிய பால்வள வாரியமும் பரிந்துரைக்கும் மூலிகைப் பூச்சு பலருக்குத் தெரிந்திருக்கும்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் சிவந்துவரும். பாலை முழுதும் கறந்து மடியைக் கழுவியபின், ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். நாளுக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பூசிவிட்டுக் கேட்கவில்லை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது காய்ந்து உதிர்ந்துவிடும், அடிக்கடி பூசினால்தான் பலன். ஆரம்ப நிலைக்கு இது நல்லது. மாடு படுத்துவிட்ட நிலையில் இதை மட்டும் நம்பக் கூடாது.

இவ்வளவுக்கும் மேல் நோயைத் தடுப்பது கறவை முறைதான். கட்டைவிரலை மடக்கிக் காம்பை இழுத்துக் கறந்தால் உள்ளே காயமாகும். முழுக்கையால் பிடித்துக் கறங்கள். கறந்ததும் 0.5 சதவீத அயோடின் கரைசல் ஆறு பங்கு, கிளிசரின் ஒரு பங்கு கலந்து காம்பை முக்குங்கள். பிறகு மாடு அரைமணி நேரம் படுக்காதபடி தொட்டியில் தீவனம் போடுங்கள். காம்புத் துவாரம் மூட அவ்வளவு நேரம் ஆகும். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். ஆரியஸ் கிருமி பிடித்துப் பழகிய காம்புக்கு, சினை மாட்டின் கறவையை வற்ற வைக்கும்போது போடும் நீண்டநாள் ட்யூபில்தான் ஓரளவு வாய்ப்பு. ஈனுவதற்கு 60 நாள் முன்பு போடுவது. அதிலும் கேட்காத மாட்டை வைத்துக்கொண்டிருந்தால் மற்ற மாடுகளுக்கும் பரவும். விற்றுக் கழிப்பதைத் தவிர வழியில்லை என்று சொல்வது கசப்பாகத்தான் இருக்கும்.

கேள்வி: தோல் கழலை நோய் வந்த மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டார்கள். அது வைரஸ் என்றால் எதற்கு?
— வாசகர், மணப்பாறை

வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. கழலை உடைந்து புண்ணில் சீழ் வைத்தாலோ நுரையீரலில் சளி கட்டினாலோ, அந்தப் பாக்டீரியாவுக்காகப் போடுவது நியாயம். அப்படி எதுவும் இல்லாமல் காய்ச்சல் என்றதும் போடுவது வீண். ‘மூன்று நாள் காய்ச்சல்’ என்ற மாட்டு நோயும் அப்படியே: வைரஸ். வலிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து, நிழல், தண்ணீர் இவைதான் வேண்டும். தொண்டை அடைப்பான், சப்பை நோய் இரண்டும் பாக்டீரியா. அங்கே ஆன்டிபயாடிக் தாமதமானால் உயிர் போகும்.

கேள்வி: ஆடு கழிந்தால் மெடிக்கலில் நமக்கு வாங்கும் மாத்திரையில் ஒன்று பொடித்துக் கொடுப்போம். சில ஆடு தேறுகிறது, சில ஆடு தீனியை விட்டுவிடுகிறது. ஏன்?
— வாசகி, முதுகுளத்தூர்

ஆட்டின் பெருவயிற்றில் தழையைச் செரிக்க வைப்பவை கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். வாய்வழி போன ஆன்டிபயாடிக் முதலில் அவற்றைத்தான் கொல்லும். ஆடு அசைபோடாது, தீனி எடுக்காது, கழிச்சல் கூடும். தேறிய ஆடுகள் மாத்திரையால் தேறின என்றும் சொல்ல முடியாது. குடற்புழுவும் புதுத் தழையும் கழிச்சலுக்கு முதல் காரணங்கள். குட்டிகளில் ரத்தக்கழிச்சல். சாணத்தைச் சோதித்தால் அன்றே தெரியும். கூட்டமாகக் கழிந்து, மூக்கொழுகி, வாயில் புண்ணும் வந்தால் ஆட்டுக்கொல்லி என்ற வைரஸ் நோயாக இருக்கலாம் என்று சந்தேகித்து, கால்நடை உதவிக்கான 1962 எண்ணுக்குச் சொல்லுங்கள். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது: நான்கு மாதக் குட்டியிலிருந்து போடலாம், மூன்றாண்டு காக்கும்.

கேள்வி: கறிக்கோழிப் பண்ணை, ஐயாயிரம் கோழி. என்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு அரை மில்லி கலக்கச் சொன்னார்கள். போன பேட்ச்சில் கேட்டது, இந்தப் பேட்ச்சில் கேட்கவில்லை. மருந்து போலியா?
— வாசகர், பல்லடம்

போலியாக இருக்கலாம். அதற்கு முன் அளவைப் பாருங்கள். லிட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கு, கோழி வழக்கம்போலத் தண்ணீர் குடித்தால்தான் சரி. மருந்துக்கு உண்மையான அளவு உடல் எடைக்கு: கிலோவுக்கு 10 மில்லிகிராம்.

நான்கு வாரக் கோழி ஒன்றரைக் கிலோ என்றால் ஆயிரம் கோழிக்கு 1500 கிலோ. தேவை 15 கிராம் மருந்து. பத்து சதவீதக் கரைசலில் அது 150 மில்லி. ஆயிரம் கோழி அன்று 300 லிட்டர் குடித்தால் லிட்டருக்கு அரை மில்லி கணக்குப் பொருந்தும். நோயில் சுருண்டு 150 லிட்டர்தான் குடித்தால் பாதி மருந்துதான் போகும். சித்திரை வெயிலில் 450 லிட்டர் குடித்தால் ஒன்றரை மடங்கு. ஆகவே எடையைக் கொண்டு மொத்த மருந்தைக் கணக்கிட்டு, அன்று குடிக்கும் தண்ணீரில் அதைக் கலக்குங்கள். டாக்டர் சொன்ன நாட்களை முடியுங்கள். இரண்டாம் நாள் சாவு குறைந்ததும் நிறுத்துவதுதான் அடுத்த பேட்ச்சில் கேட்காமல் போவதற்கு நேர்வழி. ஷெட்டும் பைப்பும் அதே, அங்கே தங்கிய கிருமியும் அதே.

உங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் இந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது. டெட்ராசைக்ளின் வகைகளுக்கும் அதே கதி. தண்ணீரில் விடும் அமிலமான அசிடிஃபையரோடு சேர்த்துக் கலந்தால் மருந்து படியக்கூடும். மருந்து ஓடும் நேரத்தில் குளோரினை நிறுத்தி, முடிந்ததும் நிப்பிள் லைனை (கோழி கொத்திக் குடிக்கும் குழாயை) நன்றாக அலசிவிட்டுக் குளோரினைத் தொடருங்கள். குளுக்கோஸும் வைட்டமினும் ஓடிய பைப்பில் வழவழப்புப் படலம் பிடிக்கும். கிருமிக்கு அதுதான் வீடு.

நோயின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஈ. கோலை என்றால், இதைவிடப் பெரிய கேள்வி அது ஏன் வந்தது என்பது. செத்த கோழியை அறுத்துப் பார்த்து இதயத்திலும் ஈரலிலும் வெள்ளைப் படலம் மூடியிருந்தால் அதுதான். பெரும்பாலும் அதற்கு வழிவிட்டது ஈரக் கூளத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு. ஷெட்டுக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் அது 25 பிபிஎம்மை (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கை) தாண்டியிருக்கும். அந்த அளவில் கோழியின் மூச்சுக்குழல் சுவர் புண்ணாகும், கிருமி தடையின்றி இறங்கும். தரையில் பரப்பிய ஆழ்கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்குங்கள். கையைத் திறந்தபின்னும் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். நிப்பிள் சொட்டுவதைச் சரிசெய்து, கூளத்தைக் கிளறி, பக்கப் படுதாவை இறக்கிக் காற்று விடாமல் எந்த மருந்தை மாற்றினாலும் அடுத்த வாரம் இதே கதைதான்.

குஞ்சு இறங்கியதும் முதல் மூன்று நாள் ‘காப்புக்கு' ஆன்டிபயாடிக் ஓட்டும் வழக்கத்தைக் கைவிடலாம். நோயே இல்லாத குஞ்சுக்கு அது எதற்கும் காப்பில்லை. குஞ்சுகளுக்குச் சூடு தரும் புரூடரில் 32, 33 டிகிரி வெப்பமும் சுத்தமான தண்ணீரும் அதைவிட நல்ல காப்பு. ஒப்பந்தப் பண்ணை என்றால் மருந்தை முடிவு செய்வது கம்பெனி. குறைந்தபட்சம் மருந்தின் பெயர், தேதி, அளவு மூன்றையும் பேட்ச் நோட்டில் எழுதி வையுங்கள். கோழி பிடிக்கும் நாளிலிருந்து பின்னோக்கிக் காத்திருப்புக் காலத்தை எண்ண அது வேண்டும்.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த எதையும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு அதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்துவிட்டது.

கேள்வி: முட்டையை வேகவைத்தால் அதிலுள்ள மருந்து போய்விடுமா?
— வாசகி, திருநகர்

முழுதும் போகாது. முட்டையிடும் கோழிக்குப் போடக்கூடாத மருந்தைப் போடாமல் இருப்பதும், போட்டால் காத்திருப்புக் காலத்து முட்டையை ஒதுக்குவதும் பண்ணையின் வேலை. கிருமிகள் நன்றாக வெந்தால் சாகும். அரைவேக்காட்டை விட்டுவிடுங்கள்.

கேள்வி: வெந்த கறியில் கிருமி செத்துவிடுகிறதே, பிறகு பண்ணையில் உண்டாகும் மருந்து எதிர்ப்பு மனிதரை எப்படி எட்டும்? கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்களோ?
— வாசகர், கோவில்பட்டி

நல்ல சந்தேகம். கறி வேகும், ஆனால் அதை வெட்டிய பலகையும் கையும் வேகாது. பண்ணை ஆள், கழிவு, எரு, வாய்க்கால் எல்லாம் வழிதான். அதோடு, கிருமியே வந்துசேர வேண்டும் என்பதும் இல்லை. மருந்தைத் தாங்கும் மரபணு பல நேரம் பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கும். ஒரு வகைப் பாக்டீரியா இன்னொரு வகைக்கு அதைக் கைமாற்றிவிடும்.

கொலிஸ்டின் மருத்துவமனைகளில் வேறெதுவும் கேட்காதபோது எடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று. சீனாவில் அதைப் பன்றித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்தார்கள். அதைத் தாங்கும் எம்சிஆர்-1 மரபணு, பிளாஸ்மிட்டில், பன்றியிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது 2015 நவம்பரில் வெளியானது. 2017-இல் சீனா தீவனத்தில் அதை நிறுத்தியது. அதன்பின் அந்த மரபணு பன்றிகளிலும் மனிதரிலும் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. அமெரிக்கா 2005-இல் கோழிக்கு என்ரோஃப்ளாக்சசினை நிறுத்தியது, மனிதருக்குக் கழிச்சல் தரும் கேம்பைலோபேக்டர் கிருமி அந்த வகை மருந்துகளுக்கு அடங்காமல் போனதால்.

நிறுத்தினால் எல்லாம் உடனே சரியாகும் என்றும் இல்லை. டென்மார்க் 1995-இல் தீவனத்தில் அவோபார்சின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தடை செய்தது. அதற்கு நெருங்கிய உறவான, மனிதருக்குப் போடும் வான்கோமைசினைத் தாங்கும் கிருமிகள் கோழிகளில் மளமளவென்று குறைந்தன, பன்றிகளில் அசையவில்லை. காரணம், அந்த மரபணு இருந்த அதே பிளாஸ்மிட்டில் டைலோசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் இருந்தது. பன்றிகளுக்கு டைலோசின் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. 1998-இல் டைலோசினும் தீவனத்திலிருந்து போனபிறகே பன்றிகளிலும் குறைந்தது. ஒரு மருந்தை நிறுத்திவிட்டு இன்னொன்றுக்கு மாறுகிற நம் பண்ணைகளுக்கு இந்தச் செய்தி அதிகம் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 2006 ஜனவரி 1 முதல் அடியோடு நிறுத்தியது. 2022 ஜனவரியிலிருந்து வழக்கமாகப் போட்டுவரும் தடுப்பு மருந்துகளுக்கும் அங்கே இடமில்லை.

கேள்வி: கோழி எரு வாங்கித் தென்னைக்கும் கீரைக்கும் போடுகிறேன். அதிலும் மருந்து இருக்குமா?
— வாசகர், பொள்ளாச்சி

இருக்கும். கோழிக்குப் போன மருந்தில் கணிசமான பங்கு எச்சத்தோடு அப்படியே வெளியே வருகிறது. தென்னைக்குப் பரவாயில்லை. கீரைக்குப் பச்சை எரு வேண்டாம், மக்க வைத்துப் போடுங்கள்.

எருவோடு தென்னைநார்க் கழிவோ வைக்கோலோ கலந்து, ஐந்தடி உயரத்தில் நீளக் குவியலாகப் போடுங்கள். ஈரம், கையில் இறுக்கினால் விரலிடையில் ஓரிரு சொட்டு கசியும் அளவு. இரண்டு மூன்று நாளில் உள்ளே சூடேறும். உள்சூடு 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். புரட்டாவிட்டால் வெளிப்பக்கத்துக் கிருமி தப்பிவிடும். சூடே ஏறவில்லை என்றால் ஒன்று ஈரம் போதவில்லை, அல்லது அதிகமாகிக் காற்று புகவில்லை. டெட்ராசைக்ளின் இதில் நன்றாகச் சிதையும், என்ரோஃப்ளாக்சசின் குடும்பம் பிடிவாதமாக நிற்கும். அதனால் சூடு தணிந்தபின்னும் ஓரிரு மாதம் ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பக்ரீத்துக்கு விற்க வைத்திருக்கும் கிடாவுக்குச் சளி. ஆக்சிடெட்ராசைக்ளின் நீண்டநாள் ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். பண்டிகைக்கு இருபது நாள்தான் இருக்கிறது.
— வாசகர், மேலப்பாளையம்

அந்த 20 சதவீத ஊசி பத்துக் கிலோவுக்கு ஒரு மில்லி. 25 கிலோ கிடாவுக்கு இரண்டரை மில்லி. இறைச்சிக்கான காத்திருப்பு பொதுவாக 28 நாள், லேபிளைப் பாருங்கள். இருபது நாளில் விற்க முடியாது. காத்திருப்புக் காலம் குறைந்த வேறு மருந்து இந்தச் சளிக்குக் கேட்குமா என்று டாக்டரிடம் நாள் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். இதுதான் வேண்டும் என்றால் போட்டுவிடுங்கள், நோயோடு வைத்திருக்க வேண்டாம். கழுத்துத் தசையில் போடச் சொல்லுங்கள், தொடையில் போட்டால் கறியில் தழும்பு நிற்கும். கிடாவைப் பண்டிகை முடிந்தபின் வரும் சந்தைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.